விலாவில் ஒரு விசிறி

அப்பா தீவுக்குத் தெற்கே ஏழு பாகத்தில்
வலையைக் கிழித்துக்கொண்டு ஏறியதாம்.
ரெமிஜியுஸ் அதைத் தராசில் போட்டபோது
ஒரு நண்டு இறங்கி ஓடியது.
"பிளேன் விசிறி, ஜமீலாக்கா. கூடப் போட்டுக் குடு."
ஆறு கிலோ இருநூறு.
சிப்பிக்கும் பாசிக்கும் அரைக் கிலோ கழித்தேன்.
கிழிந்த வலைக்குத் தனியாகக் கேட்டான்.
கொடுத்தேன், திட்டிக்கொண்டே.

கப்பலையே உடைத்து விற்ற ஊர் வாலிநோக்கம்.
நங்கூரம், கக்கூஸ் பீங்கான், கேப்டன் அறை மணி,
பேர் தெரியாமல் எதுவும்
என் கடையிலிருந்து எடைக்குப் போனதில்லை.
இதற்குத் தெரியவில்லை.
நான்கு இதழ். ஒவ்வொன்றும் ஒரு சாண்தான்.
இதை வைத்துக்கொண்டு
கோழிகூடப் பறக்காது.

புளித்தண்ணீர், பழைய பல் பிரஷ், மூன்று ராத்திரி.
புழு கட்டிய வெள்ளைக் குழாய்களுக்கு அடியில்
மஞ்சள் பெயிண்ட்.
மஞ்சளுக்குக் குறுக்கே கறுப்பு.
குடத்தின் விளிம்பில் அடித்த எண்.
கடைசி இலக்கம் கண்ணுக்கு எட்டு,
விரலுக்கு மூன்று.

டீக்கடையில் அதற்குள் அது ஜப்பான்காரனைத் துரத்தி
இரண்டு முறை குண்டு போட்டிருந்தது.
ரெமிஜியுஸ் போன் செய்தான்:
"சண்டை விமானமாம்ல?
எரநூறாச்சும் சேத்துக் குடுக்கா."

நான்கு பேருக்குப் படம் அனுப்பினேன்.
டெல்லியிலிருந்து பதில் இல்லை.
மழை நிற்காத ஏதோ ஊரில்
கொட்டகையில் பழைய விமானம் கட்டும் ஹியூ என்பவர் மட்டும்
ஒன்று கேட்டார்:
இதழ்கள் எந்தப் பக்கம் முறுக்கியிருக்கின்றன?

ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சொன்னேன்.
மறுநாள் பதில்:
இது காற்றைத் தள்ளியதல்ல.
காற்று இதைத் தள்ளியது.

விமானத்தின் விலாவில் வெளியே நின்று சுற்றும்.
சுற்றினால் உள்ளே ஓர் உருளை திரும்பும்,
உருளை கம்பியை இழுக்கும்,
கம்பியின் நுனியில் நீளமாய் ஒரு துணிக்குழாய்.
கீழே பையன்கள் அதைச் சுட்டுப் பழகுவார்கள்.
மஞ்சள் கறுப்பு வரி அதற்குத்தான்:
என்னை விட்டுவிடு,
பின்னால் வருவதைச் சுடு.

தனியாக இருந்து சிரித்தேன்.
பிறகு, எத்தனை பையன்கள்
எட்டை மூன்றாய்ப் பார்த்திருப்பார்கள் என்று தோன்ற
நிறுத்திக்கொண்டேன்.
எப்படி விழுந்தது என்று ஹியூவுக்குத் தெரியவில்லை.
ஏட்டில் ஒரு தேதி, ஒரு கடல், அவ்வளவுதானாம்.

அவரிடம் இறக்கை இருக்கிறது, வால் இருக்கிறது,
விலாவில் மட்டும் ஓட்டை.
என்ன விலை என்றார்.
ஐந்து கிலோ எழுநூறுக்கு அலுமினிய விலையும்
வலை தைத்த கூலியும் என்றேன்.
தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டீர்களா என்று
இரண்டு தடவை கேட்டார்.

டீசலில் ஊறிய எட்டாம் நாள்
பாலத்து முனைக்குத் தூக்கிப்போனேன்.
சோழகம் நன்றாக வீசியது.
அசையவில்லை.
ஓர் இதழைச் சுண்டினேன்.
கரகரவென்று கால் சுற்று,
கொஞ்சம் மணலைத் துப்பிவிட்டு நின்றது.

ராமநாதபுரம் தபால் ஆபீசில் படிவம்.
பொருள்: பழைய இரும்பு என்று எழுதி
இரும்பை அடித்து உலோகம் என்று எழுதினேன்.
"ஆயுதமா?" என்றார் கவுண்டர்காரம்மா.
"இல்லம்மா. இதைத்தான் சுடுவாங்க."
அவர் பேனாவை மூடிவிட்டு
மேலதிகாரியைக் கூப்பிட்டார்.
மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது.

பேரேட்டில் வரவு இருக்கிறது, பற்று இருக்கிறது.
சரக்கின் பெயர் எழுதும் இடத்தில்
ஒரு சின்ன விசிறி வரைந்துவைத்திருக்கிறேன்.
ஆடிட்டர் கேட்பார்.

போன வாரம் ஹியூ எழுதியிருந்தார்:
பொருந்திவிட்டது.
ஆனால் நடுவில் மாட்டும் மரையாணி இல்லை,
இடப்புரி, கண்ணில் பட்டால் சொல்லுங்கள்.

ரெமிஜியுஸிடம் சொன்னேன்.
நேற்று விடியலில் கடை திறக்குமுன் வந்து
ஈரத்தோடு ஓர் ஆணியை வைத்துப்போயிருக்கிறான்.
வாஷிங் மெஷினுடையது.
வலப்புரி.
எதற்கும் இருக்கட்டும் என்று
புளித்தண்ணீரில் போட்டிருக்கிறேன்.